பெரிய ஜாஸ் குழு ஆரம்பிக்க நினைக்கிறவங்களுக்கு: ஆள் சேர்க்கிறதுல இருந்து முதல் கச்சேரி வரைக்கும்

நாலு பேரை வெச்சு ஜாஸ் வாசிக்க ஒரு ரூமும் கொஞ்சம் நேரமும் இருந்தா போதும். அதே 12 பேர், 17 பேர்னு ஆகும்போது, அதுலயும் வழக்கமான ஸ்விங்கோட நிக்காம எத்தியோப்பிய மெட்டு, பால்கன் தாளம், கர்நாடக ராகம், ராக் கிட்டார்னு எல்லாத்தையும் உள்ள கொண்டு வரணும்னு ஆசைப்படும்போது வேலையே வேற மாதிரி ஆயிடுது. இதையெல்லாம் ஒரே இடத்துல யாரும் எழுதி வெச்சு நான் பார்க்கலை, ஒவ்வொண்ணா முட்டி மோதித்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்தது, புதுசா இறங்குறவங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்னுதான் வரிசையா எழுதறேன். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன்: இசை எவ்வளவு துணிச்சலா இருக்கணும்னு நினைக்கிறீங்களோ, உங்க பேப்பர் வேலை அவ்வளவு கச்சிதமா இருக்கணும். மேடையில ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு மனசு போன போக்குல வாசிக்கணும்னா, மத்த எல்லாருக்கும் அடுத்து எங்க உள்ள வரணும்ங்கிறதுல சந்தேகமே இருக்கக் கூடாது.

1. எத்தனை பேர்னு முதல்ல முடிவு பண்ணுங்க

வழக்கமான பிக் பேண்டுன்னா 17 பேர். சாக்ஸபோன் 5 (ஆல்ட்டோ 2, டெனர் 2, பாரிடோன் 1), ட்ரம்பெட் 4, ட்ராம்போன் 4 (அதுல ஒண்ணு பேஸ் ட்ராம்போன்), அப்புறம் பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். ரெடிமேடா கிடைக்கிற அரேஞ்ச்மென்ட் (ஒரு பாட்டை யார் எதை வாசிக்கணும்னு பிரிச்சு எழுதினது) பெரும்பாலும் இந்தக் கணக்குக்குத்தான் எழுதியிருப்பாங்க. ஆனா நீங்க சொந்தமா எழுதப் போறீங்கன்னா இதைப் பிடிச்சுத் தொங்க வேண்டியதில்லை. அரேஞ்சர் கில் எவன்ஸ் ஃப்ரெஞ்ச் ஹார்ன், டியூபா எல்லாம் சேர்த்துத்தான் அந்த மெத்துன்னு இருக்கிற சத்தத்தைக் கொண்டு வந்தார், பாஸ்டன்ல 1985ல ஆரம்பிச்ச ஈதர்/ஆர்கெஸ்ட்ரா குழு சுமார் 10 பேரை வெச்சுக்கிட்டே எத்தியோப்பிய இசை வரைக்கும் போனாங்க, லண்டன்ல 1980கள்ல இருந்த லூஸ் டியூப்ஸ்ல 21 பேர்.

முதல் தடவைன்னா 12 பேர் போதும்ங்கிறது என் கருத்து. ட்ரம்பெட் 2, ட்ராம்போன் 2, சாக்ஸ் 3, கிட்டார், பியானோ, பேஸ், ட்ரம்ஸ், இன்னொரு தாள வாத்தியம். ஏழு ஊது வாத்தியம் இருந்தாலே ஹார்மனி நிறைவா கேட்கும், ஒவ்வொருத்தர் குரலும் தனியாவும் தெரியும். ஆள் குறைக்கும்போது பாரிடோன் சாக்ஸை மட்டும் எடுத்துடாதீங்க, அது போச்சுன்னா அடியில பிடிமானமே போயிடும். ஒரு ஆள் கூடினா ஒரு கச்சேரிச் செலவு மட்டும் கூடாது, ஒவ்வொரு ரிகர்சலுக்கும் தேதி பார்க்கிற தலைவலி, ஒரு ஸ்டாண்ட், ஒரு மைக், வண்டியில ஒரு சீட்டு எல்லாம் சேர்ந்து கூடும்.

2. ஆள் சேர்க்கிறது

முதல்ல பிடிக்க வேண்டியது மூணு பேரை: லீட் ட்ரம்பெட் (முதல் ட்ரம்பெட்), ட்ரம்ஸ், பேஸ். லீட் ட்ரம்பெட் ஒரு நோட்டை எப்படி வெட்டுறாரோ, எவ்வளவு நீட்டுறாரோ, மொத்த ஊது வாத்தியக்காரங்களும் அதைத்தான் பின்பற்றுவாங்க. ட்ரம்மர் சும்மா வேகமா வாசிக்கிறவரா இருந்தா பத்தாது, ஹார்ன் செக்‌ஷன் அடிக்கப் போற இடத்தை ஒரு நொடி முன்னாடியே தயார் பண்ணிக் கொடுக்கத் தெரிஞ்சவரா இருக்கணும், நொட்டேஷன் (எழுதின இசைக் குறிப்பு) படிக்கத் தெரிஞ்சவராவும் இருக்கணும்.

எல்லாருமே பெரிய சோலோயிஸ்ட்டா இருக்கணும்னு தேடாதீங்க. நாலஞ்சு பேர் நல்லா மனோதர்மமா இம்ப்ரொவைஸ் பண்ணினா போதும், மீதிப் பேர் நொட்டேஷன் நல்லா படிக்கிறவங்களா, பக்கத்துல வாசிக்கிறவரோட சேர்ந்து கலக்கத் தெரிஞ்சவங்களா இருக்கட்டும். அந்த நாலஞ்சு பேர் யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் எழுதவே ஆரம்பிக்கணும். பிக் பேண்டு நடத்தின டியூக் எலிங்டன் வாத்தியத்துக்கு எழுதலை, தன்கிட்ட இருந்த ஆளுக்கு எழுதினார், பெரிய குழுவுக்கு இதைவிடப் பயனுள்ள வழி எனக்குத் தெரியாது.

சேரும்போதே ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு ஒரு ஷீட்ல எழுதி வெச்சுக்க வேண்டியது: வேற என்ன வாத்தியம் கைவசம் இருக்கு (ஃப்ளூட், கிளாரினெட், பேஸ் கிளாரினெட், ஃப்ளூகல்ஹார்ன்), என்னென்ன மியூட் (சத்தத்தை மாத்த வாத்தியத்தோட வாயில செருகுறது) வெச்சிருக்காங்க, வாரத்துல எந்த நாள் கண்டிப்பா முடியாது, தான் வர முடியலைன்னா பதிலுக்கு யாரை அனுப்புவாங்க. இந்தப் பதில் ஆள் பட்டியலை யாரும் முதல்ல கண்டுக்கிறதில்லை. 17 பேர்ல எல்லாரும் எல்லாக் கச்சேரிக்கும் வர்றது நடக்கவே நடக்காது, அதனால ஒரு நாற்காலிக்கு ரெண்டு பதில் ஆளாவது பட்டியல்ல இருக்கணும்.

நொட்டேஷன் படிக்காம காது வழியா கத்துக்கிட்ட தாளக் கலைஞரைச் சேர்க்கிறீங்கன்னா, அவருக்குத் தனி ஏற்பாடு வேணும். பாட்டோட அமைப்பை ஒரே பக்கத்துல கட்டம் போட்டுக் கொடுங்க, ரிகர்சலுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கம்ப்யூட்டர்ல வாசிக்க விட்ட ஆடியோவை அனுப்புங்க. அவர் ஒரு தடவை கேட்டுட்டு வந்தார்னா பேப்பர் பார்க்கிறவங்களைவிட உறுதியா இருப்பார்.

3. ஒரு பக்க ஒப்பந்தம்

நண்பர்கள்தானேன்னு இதைத் தள்ளிப் போடாதீங்க. ஒரே பக்கம் போதும்: ரிகர்சலுக்குக் காசு உண்டா இல்லையா, கச்சேரி வருமானம் எப்படிப் பங்கு, செலவு கழிச்ச பிறகா முன்னாடியா, பதில் ஆள் அனுப்ப எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், ரெக்கார்டிங் வெளியிட்டா யாருக்கு என்ன, வீடியோவை யார் யார் போடலாம், எழுதினவர் குழுவை விட்டுப் போனா அவரோட சார்ட் (எழுதின அரேஞ்ச்மென்ட்) குழுகிட்ட இருக்குமா அவரோட போயிடுமா. இந்தக் கடைசி விஷயம்தான் நிறைய பேரைப் பிரிச்சிருக்கு, இதை மட்டுமாவது எழுத்துல வாங்கிக்குங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் ரிகர்சல்.

4. எதை எதோட கலக்கிறதுன்னு தீர்மானம் பண்ணுங்க

எல்லா நாட்டு இசையிலயும் ஒரு ஸ்பூன் எடுத்துப் போடுறது வேண்டாம். முதல் வருஷத்துக்கு ரெண்டு மூலம் எடுத்துக்குங்க, அதுல ஆழமா போங்க. பிக் பேண்டு நடத்தின பியானோ கலைஞர் டோஷிகோ அகியோஷி ஜப்பானிய நோ நாடகத்துத் தாளக் கருவியைக் கொண்டு வந்ததும், ட்ரம்பெட் கலைஞர் டான் எல்லிஸ் ஒற்றைப்படை தாளங்களைப் பிக் பேண்டுக்குள்ள கொண்டு வந்ததும் கேட்க நல்லா இருக்கக் காரணம், அவங்க அதுக்குள்ள உட்கார்ந்து வேலை பார்த்திருக்காங்க.

தாளத்துல வர்ற முதல் சிக்கல், ரெண்டு பேர் ஒரே எண்ணிக்கையை வேற வேற மாதிரி எண்ணுறது. மிஸ்ர சாப்பும் 7தான், பல்கேரியாவோட ருச்செனித்சாவும் 7தான். ஆனா முதலாவது 3+4, ரெண்டாவது 2+2+3. பார்ட்ல (ஒவ்வொருத்தருக்கும் தனியா கொடுக்கிற நொட்டேஷன் தாள்) வெறும் 7/8னு போட்டுட்டு விட்டீங்கன்னா டிராம்போன்காரங்க ஒரு பக்கம் அழுத்துவாங்க, ட்ரம்மர் இன்னொரு பக்கம். ஒவ்வொரு பாட்டு தலைப்புலயும் பிரிவை எழுதுங்க, நோட்டுகளை அந்தப் பிரிவுக்கு ஏத்த மாதிரி சேர்த்துக் கட்டுங்க, வாத்தியத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் கை தட்டி "தகிட தகதிமி"னு வாயால சொல்ல வைங்க. வாயில வந்துட்டா வாத்தியத்துல வந்துடும். ஆஃப்ரோ கியூபன் பக்கம் போறீங்கன்னா கிளாவேங்கிற அடிப்படைத் தாளக்கட்டு ரெண்டு பார் (தாள அளவு) சுழற்சிங்கிறதை மறக்காதீங்க, அரேஞ்ச்மென்ட்ல ஒரு பார் வெட்டினீங்கன்னா அதுக்கப்புறம் வர்ற எல்லாமே தலைகீழா உட்காரும்.

ராகம் எடுக்கும்போது கமகத்தையும் ஹார்மனியையும் ஒரே நேரத்துல திணிக்கக் கூடாது. மெட்டோட ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழ நாலு குரல் கார்டு (ஒண்ணா ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) வெச்சா கமகம் செத்துடும், ராகம் வெறும் ஸ்கேலா ஆயிடும். மெட்டை சோப்ரானோ சாக்ஸும் வயலினும் சேர்ந்து ஒரே சுருதியில வாசிக்கட்டும், கீழ ட்ராம்போனும் பேஸ் கிளாரினெட்டும் ஷட்ஜம் பஞ்சமம் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், கார்டு அசையறதெல்லாம் மெட்டு மூச்சு விடுற இடைவெளியில நடக்கட்டும்.

இன்னொண்ணு, பாடகர் ஒண்ணரைக் கட்டையில பாடுறார்னு வைங்க. அதை ஸ்கோர்ல (எல்லார் பார்ட்டும் ஒண்ணா இருக்கிற தாள்) சி ஷார்ப் மேஜர்னு போட்டா, ட்ரம்பெட் எழுதினதைவிட ஒரு டோன் கீழ கேட்கிறதால அதுக்கு டி ஷார்ப்ல பார்ட் வரும், ஒன்பது ஷார்ப், யாராலயும் நிம்மதியா படிக்க முடியாது. அதையே டி ஃபிளாட்னு போட்டுப் பாருங்க, ட்ரம்பெட்டுக்கும் டெனருக்கும் மூணு ஃபிளாட், ஆல்ட்டோவுக்கும் பாரிடோனுக்கும் ரெண்டே ஃபிளாட். சத்தம் ஒண்ணுதான், ரிகர்சல்ல அரை மணி நேரம் மிச்சம்.

5. அனுமதி

எழுத உட்கார்றதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை இது. ராகத்துக்கோ தாளத்துக்கோ யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனா உரிமைக்காலம் முடியாத ஒரு பாட்டை நீங்க அரேஞ்ச் பண்றதுக்கு உரிமையாளரோட, பெரும்பாலும் பதிப்பாளரோட, எழுத்து அனுமதி வேணும். அதை மேடையில வாசிக்கிறதுக்கான லைசென்ஸ் வழக்கமா அரங்கம் எடுத்து வெச்சிருக்கும், இருந்தாலும் கேட்டு உறுதி பண்ணிக்குங்க. ரெக்கார்ட் பண்ணி வெளியிட வேற அனுமதி, வீடியோவோட சேர்க்க வேற அனுமதி. நாலும் தனித்தனி, ஒண்ணு வாங்கினா மத்தது வந்துட்டதா ஆகாது. நாட்டுப்புறப் பாட்டுன்னா பிரச்சனை இல்லைன்னு நினைப்போம், மெட்டு பழசா இருக்கலாம், ஆனா நீங்க கேட்டுக் கத்துக்கிட்ட வடிவம் இன்னொருத்தர் சமீபத்துல அமைச்சதா இருக்கலாம். பதில் வர வாரக்கணக்குல, சில சமயம் மாசக்கணக்குல ஆகும். என் யோசனை, முதல் கச்சேரிக்கு முக்கால்வாசி சொந்தப் பாட்டா வெச்சுக்குங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்களோ அவங்க பேரையும் நிகழ்ச்சிக் குறிப்புல போடுங்க, சட்டம் கேட்காட்டியும் அது நாம செய்ய வேண்டியது.

6. ஸ்கோரும் பார்ட்டும்

ரிகர்சல் நேரத்தைத் தின்கிறது கஷ்டமான இசை இல்லை, மோசமா அச்சடிச்ச பார்ட். மென்பொருள்னு பார்த்தா மியூஸ்ஸ்கோர் இலவசம், பெரிய குழுவுக்கும் போதும். காசு கொடுத்து வாங்குறதுன்னா சிபேலியஸ், டோரிகோ. ஃபினாலே விற்பனையை 2024 ஆகஸ்ட்ல நிறுத்திட்டாங்க, புதுசா அதுல ஆரம்பிக்காதீங்க. பழைய ஃபைல் இருந்தா மியூசிக் எக்ஸ்எம்எல்லா (வேற மென்பொருள்லயும் திறக்கிற ஃபைல் வடிவம்) மாத்தி வெச்சுக்குங்க.

ட்ரான்ஸ்போசிங்கை (எழுதின சுருதி ஒண்ணு, கேட்கிறது ஒண்ணா இருக்கிற வாத்தியத்துக்கு மாத்தி எழுதறது) ரெண்டு தடவை சரி பாருங்க. ட்ரம்பெட் பி ஃபிளாட், எழுதினதைவிட ஒரு முழு டோன் கீழ கேட்கும். டெனர் சாக்ஸும் பி ஃபிளாட்தான், ஆனா அதுக்கும் ஒரு ஆக்டேவ் கீழ. ஆல்ட்டோவும் பாரிடோனும் ஈ ஃபிளாட். ட்ராம்போனுக்கு மாத்தமே கிடையாது, கேட்கிறதை அப்படியே பேஸ் கிளெஃப்ல எழுதுங்க. ஸ்கோர் கான்செர்ட் பிட்ச்சா (கேட்கிற சுருதி) ட்ரான்ஸ்போஸ் ஆனதான்னு முதல் பக்கத்துலயே எழுதி வைங்க, நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு வேற யாராவது நடத்தும்போது அதுதான் கை கொடுக்கும்.

பார்ட் அச்சடிக்கும்போது ஒரு வரிக்கு நாலு பார், புது பகுதி புது வரியில ஆரம்பிக்கணும், ரிகர்சல் எழுத்தும் (பகுதிகளுக்கு ஏ, பி, சின்னு போடுற அடையாளம்) பார் நம்பரும் எல்லாப் பார்ட்லயும் ஒரே மாதிரி இருக்கணும். பக்கம் திருப்புற இடத்துல ரெஸ்ட் (வாசிக்காத இடைவெளி) இருக்கணும், இல்லைன்னா மூணு பக்கத்தை ஒட்டி விரிச்சு வைக்கிற மாதிரி பண்ணுங்க. மங்கலான மேடை வெளிச்சத்துல ஏ4ல சுருக்கி அச்சடிச்ச பார்ட் தெரியாது, கொஞ்சம் பெரிய தாளா பாருங்க.

மியூட் மாத்துறதுக்கும் வாத்தியம் மாத்துறதுக்கும் நேரம் விடணும், இது எழுதறவங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஹார்மன் மியூட்டைக் குனிஞ்சு எடுத்து, ஈரம் பட மூச்சு விட்டு, திருகி இறுக்கிப் பொருத்தினாத்தான் அது நடுவுல கழண்டு விழாம நிக்கும். வேகமான பாட்டுல அதுக்கு நாலு பார் பத்தாது, எட்டு பார் கொடுங்க. டெனர்ல இருந்து ஃப்ளூட்டுக்கு மாறுறவருக்கும் அப்படித்தான், குளிர்ந்து கிடந்த ஃப்ளூட் முதல் சில நோட்டு சுருதி இறங்கித்தான் வரும், அவரைத் தனியா ஆரம்பிக்க விடாதீங்க, யாரோடயாவது சேர்த்து விடுங்க. லீட் ட்ரம்பெட்டை மூணு பாட்டு தொடர்ந்து உச்சத்துலயே நிறுத்தி வெச்சா நாலாவது பாட்டுக்கு உதடு இருக்காது.

7. எழுதாத பகுதிக்கும் எழுத்து வேணும்

சோலோ நீளம் தெரியாத இடத்துல "ஓப்பன், சைகை வந்ததும் அடுத்தது"னு பார்ட்லயே போடுங்க. பின்னணி எப்ப வரணும், எத்தனை தடவை, யார் சைகை கொடுப்பாங்கன்னும் எழுதுங்க. முழுசா சுதந்திரமா போற பகுதிக்கு இசையமைப்பாளர் புட்ச் மோரிஸ் கண்டக்‌ஷன்னு ஒரு சைகை முறையையும், இன்னொரு இசையமைப்பாளர் வால்டர் தாம்சன் 1974ல இருந்து சவுண்ட்பெயிண்டிங்னு இன்னொண்ணையும் உருவாக்கினாங்க. முழுசா கத்துக்க வருஷக்கணக்காகும், ஆரம்பத்துக்கு ஆறு சைகை போதும்: ஆரம்பி, நிறுத்து, நீட்டிப் பிடி, இப்ப வாசிச்சதை ஞாபகம் வெச்சுக்கோ, அதைத் திரும்ப வாசி, பக்கத்து ஆளைக் காப்பி அடி. அந்த ஆறையும் ஒரு தாள்ல படம் வரைஞ்சு ஃபோல்டர்ல வைங்க, பதில் ஆள் வந்தாலும் அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுக்குவார்.

8. ரிகர்சல் கால அட்டவணை

கச்சேரித் தேதில இருந்து பின்னோக்கி எண்ணுங்க. ஆறு மாசம் முன்னாடி ஆளும் அனுமதியும், மூணு மாசம் முன்னாடி எல்லா சார்ட்டும் கையில, பத்து வாரம் முன்னாடி ரிகர்சல் ஆரம்பம். 75 நிமிஷக் கச்சேரிக்கு எட்டு ஒன்பது பாட்டு, அதுக்கு அஞ்சாறு முழு ரிகர்சலும் ரெண்டு செக்‌ஷன் ரிகர்சலும் (ஒரே வகை வாத்தியக்காரங்க மட்டும்) வேணும். ஒரு ரிகர்சல் மூணு மணி நேரம், நடுவுல 15 நிமிஷம் இடைவெளி, அதுக்கு மேல போனா பித்தளை வாத்தியக்காரங்களுக்கு உதடு தாங்காது. கஷ்டமானதை இடைவெளிக்கு முன்னாடி முடிங்க. தேதியை ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, மொத்தத் தேதிகளையும் முதல்லயே அறிவிச்சு, வர முடியாதவங்க பதில் ஆள் அனுப்பணும்னு சொல்லிடுங்க.

ரூம் புக் பண்ணும்போது உறுதிப்படுத்தலை எழுத்துல வாங்குங்க. எங்களுக்கு ஒரு இடத்துல வாய்ப் பேச்சுல சரின்னாங்க, போய்ப் பார்த்தா அதே நேரத்தை வேற குழுவுக்கும் கொடுத்திருந்தாங்க, 17 பேரும் வாத்தியத்தோட வாசல்ல நின்னோம். ரூம்ல எத்தனை நாற்காலி, எத்தனை ஸ்டாண்ட், பியானோ டியூன் பண்ணிருக்கா, ட்ரம் செட் இருக்கா, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போனா எத்தனை மணிக்கு நிறுத்தணும், எல்லாம் முன்னாடியே கேளுங்க. ஒவ்வொரு ரிகர்சலையும் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி அன்னிக்கு ராத்திரியே குழுவுக்கு அனுப்பிடுங்க.

9. செலவு

தொகை இடத்துக்கு இடம் மாறும், தலைப்பு மாறாது: ரிகர்சல் ரூம், அச்சு, கலைஞர் சம்பளம், போக்குவரத்து, சவுண்ட் இன்ஜினியர், ஸ்டாண்ட் விளக்கு, பியானோ டியூனிங், அனுமதிக் கட்டணம். இதுக்கு மேல பத்து சதவீதம் அவசரத்துக்குன்னு தனியா வைங்க. டிக்கெட் காசு வந்ததும் கொடுத்துக்கலாம்னு நம்பி ரூம் புக் பண்ணாதீங்க, ரூம், அச்சுச் செலவெல்லாம் கச்சேரிக்கு முன்னாடியே வந்துடும். நன்கொடை, மானியம்னு கேட்கப் போறீங்கன்னா பட்ஜெட் ஷீட், ரெண்டு பாட்டோட நல்ல ஆடியோ, குழுவைப் பத்தி ஒரு பக்கம் இந்த மூணும் தயாரா இருக்கணும். ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் மாதிரி ரசிகர்கள்கிட்டயே முன்கூட்டியே காசு வாங்கி ஆல்பம் பண்ற வழியும் இருக்கு, ஆனா அதுக்கு முதல்ல ரசிகர்கள் வேணும், அதை ரெண்டாவது வருஷத்துக்கு வெச்சுக்குங்க.

10. அரங்கத்துக்கு அனுப்ப வேண்டியது

நாலு வாரம் முன்னாடி ரெண்டு தாள் அனுப்பணும். ஒண்ணு ஸ்டேஜ் ப்ளாட், யார் எங்க உட்கார்றாங்கன்னு படம். முன் வரிசையில சாக்ஸ், பின்னாடி ட்ராம்போன், அதுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ட்ரம்பெட், மூணு லீடும் ஒருத்தருக்கு நேர் பின்னாடி ஒருத்தரா, ரிதம் செக்‌ஷன் (பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ்) ஒரு ஓரத்துல நெருக்கமா. இன்னொண்ணு இன்புட் லிஸ்ட், எதுக்கெல்லாம் மிக்ஸர்ல சேனல் வேணும்னு பட்டியல். கணக்கு போட்டுப் பாருங்க: ஊது வாத்தியம் 13, ட்ரம்ஸுக்கு அஞ்சாறு, பியானோவுக்கு 2, பேஸ் 1, கிட்டார் 1, அதுலயே 22, 23 ஆச்சு, பாடகரும் தாள வாத்தியமும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்தா 30ஐத் தொடும். 32 சேனல் மிக்ஸர் இருக்கான்னு கேளுங்க. சின்ன அரங்கம்னா எல்லாத்துக்கும் மைக் வைக்கவே வேண்டாம், சோலோவுக்கு முன்னாடி ஒரு மைக், பியானோ, பேஸ், பாடகர், அவ்வளவே நல்லா இருக்கும்.

சவுண்ட் செக்குக்கு 90 நிமிஷம் கேட்டு வாங்குங்க. மேடை அளவையும் கேளுங்க, ட்ராம்போன் ஸ்லைடு நீட்ட முன்னாடி இடம் வேணும், இல்லைன்னா சாக்ஸ்காரங்க தலையில இடிக்கும்.

11. கச்சேரி அன்னிக்கு

எல்லாப் பார்ட்டும் பாட்டு வரிசைப்படி அடுக்கின ஃபோல்டர்கள் உங்க கையில இருக்கணும், யாரையும் வீட்டுல இருந்து கொண்டு வரச் சொல்லாதீங்க. மொத்தத்தையும் பிடிஎஃப்பா ஃபோன்லயும் ஒரு டேப்லெட்லயும் வெச்சுக்குங்க. பென்சில், கிளிப், ஸ்டாண்ட் விளக்குக்கு பேட்டரி, நீளமான எக்ஸ்டென்ஷன் கார்டு ரெண்டு. சம்பளத்தைக் கவர்ல போட்டு அன்னிக்கே கொடுங்க, அடுத்த தடவை கூப்பிட்டா வர்றதுக்கு அதைவிட நல்ல காரணம் வேற இல்லை.

முடிஞ்சதும் ஃபோல்டரை எல்லாம் நம்பர் போட்டுத் திரும்ப வாங்குங்க. வாசிச்சவங்க பென்சில்ல திருத்தினது, வட்டம் போட்டது, "இங்க மூச்சு"னு எழுதினது எல்லாம் அதுல இருக்கும், மறுநாளே உட்கார்ந்து அதை ஸ்கோர்ல ஏத்திப் புது பார்ட் அச்சடிச்சு வெச்சுடுங்க.